வேப்பிலை கட்டியிருந்த வாசல்

7-7-74, ஞாயிறு

பேத்தி வடிவைப் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பையன் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பூர்வீகம் சாத்தான்குளம், இங்கே கருப்பட்டிக் கடை வைத்திருக்கிற குடும்பம். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அவர்கள் போனபிறகு வடிவு பாடிக்கொண்டே கிளாஸ் கழுவினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

பையனின் தகப்பனார் காசிலிங்கம் செருப்பைக் கழற்றும்போதே, "ஆச்சி, சொகமா இருக்கேளா?" என்றார். அந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். எங்கே கேட்டேன்?

8-7-74

பல் விளக்கும்போது தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கி!

உப்போடைக் கவிராயர் இலக்கிய மன்றம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, எப்போதோ செத்த புலவனுக்கு வருஷா வருஷம் ஆவணியில் எங்கள் தெருமுக்கில் மேடை போடுகிறார்களே, அங்கே அவன் எழுதிய நூறு பாட்டையும் பாடுகிற குரல் இதுதான். என் வீட்டைச் சபிக்கிற குரல். அதற்குப் பாய் விரித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருக்கிறேன்.

10-7-74

மகனிடம் சொன்னேன். பொன்னுதுரை என்றைக்குத்தான் என் பக்கம் பேசினான்? "விடும்மா. அவரு பாடுதாரு, அவ்வளவுதான். அவரா எழுதுனாரு?" என்கிறான்.

எழுதினவன் செத்துப்போனான். வாய் இருக்கிறவனைத்தானே கேட்க முடியும்?

அந்த அறுபத்திரண்டாம் பாட்டை என் கையால் எழுத மாட்டேன். அர்த்தம் இதுதான். பசியோடு வந்த புலவன் முகத்தில் சங்குக்கடை வீட்டான் கதவைச் சாத்தினானாம். முத்துக்குளிப்பில் சம்பாதித்தவனுக்கு ஒரு கவளம் சோறு போட மனசில்லையாம். அதனால் அந்த வம்சத்தில் பெண் எடுக்கிறவன் வாசலில் விளக்கு நிற்காதாம். அறம் பாடினானாம், அறம்! அதற்குத்தான் கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது.

சங்குக்கடை வீடு இதுதான். அப்படிச் சொல்கிற கிழடுகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது லாரி ஆபீஸ் பொன்னுதுரை வீடு என்றால்தான் தெரியும். நான் பதினைந்து வயதில் இங்கே வாழ வந்தவள். மாமியார் தன் மாமியாரிடம் கேட்டுச் சொன்னது ஒரு சொல் மறக்கவில்லை. புலவன் வந்த அன்றைக்கு உள்ளே நாலு வயதுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை கண்ட வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. பிச்சைக்காரன்கூட வேப்பிலையைப் பார்த்தால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். நூறு பாட்டுக் கட்டத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? கண் எங்கே போயிற்று?

சபித்துவிட்டு அவன் போனான். பொழுது அடையப் பிள்ளையும் போய்விட்டது. அம்மையில் போனால் அழக்கூடாது, ஆத்தாள் கோபிப்பாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு புதைத்தார்கள். ஊரில் ஒருத்தர் வாசல் மிதிக்கவில்லை.

என் நாத்தனார்களில் இரண்டு பேர் தாலி அறுத்தார்கள். உடனே கவிராயர் வாக்குப் பலித்ததாம். தாலி அறுக்காத தெரு எது இந்த ஊரில்?

19-7-74

மன்றத்துச் செயலாளர் ஆறுமுகநயினார் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆனபிறகு அவருக்கு இதுதான் வேலை. இந்த வருஷம் இருநூறாம் ஆண்டு விழாவாம், புத்தகம் வேறு போடுகிறார்களாம். அந்த ஒரு பாட்டை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வேப்பிலை கட்டியிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"பாட்டுல வேப்பிலை இல்லையே ஆச்சி."

"பாட்டுல இல்லைன்னா வாசல்லயும் இல்லையாவே?"

"ஆதாரம் வேணும்லா? அதுவுமில்லாம அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டமே வருது. கவிராயரோட நகைச்சுவைக்கு அதுதான..."

"பிள்ள சாகக் கெடந்த வாசல்ல ஒமக்கு என்னவே நகைச்சுவை?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கோவப்படாதீங்க. மேடையில ஒங்களுக்கு ஒரு பொன்னாடை போத்திருவோம். கவிராயர் பாடல் பெற்ற குடும்பம்னு" என்கிறார்.

பாடல் பெற்ற குடும்பமாம்! அவர் பெண்சாதி மோர் கொண்டுவந்தாள். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. இருந்தாலும் தொடவில்லை.

20-7-74

அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்காமல் ஏன் வந்தேன்?

4-8-74, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை. காசிலிங்கம் கடைக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது உங்க வீடா ஆச்சி?"

"நீரு பூ வச்ச வீடுதான்."

"நல்ல பாட்டுன்னுல்லா பாடுனேன். சிரிப்பு வருத எடத்துல நிறுத்தி, ரெண்டு தடவ பாடுவேன்."

"தெரியும். ரெண்டு தடவையும் கேட்டிருக்கேன்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் பெண்சாதி சண்முகத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை.

6-8-74

தரகன் வந்தான். பையனுக்கு நேரம் சரியில்லையாம், ஆவணி வேண்டாமாம், தை வரட்டுமாம். எனக்குப் புரியாதா? சாபம் வாங்கின வீட்டுப் பெண்ணைக் கட்டினால் பிள்ளை செத்துப்போவான் என்று சண்முகத்தாய்க்குப் பயம்.

வடிவு என்னிடம் கத்தினாள். "யாருக்கும் தெரியாமக் கெடந்தத நீதான் கடைத்தெரு வரைக்கும் கொண்டுபோன. கவிராயரு விட்டாலும் நீ விடமாட்ட ஆச்சி!"

நான் சொன்னது பொய்யா? உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்கும் என்றால் நிற்கட்டும்.

இல்லை. நிற்கக்கூடாது. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

18-8-74, ஞாயிறு

விழா. எப்போதும் இந்த நாளில் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவேன். இன்றைக்கு வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். யார் என்ன பாடுகிறான், பார்த்துவிடுகிறேன்.

சாயங்காலம் ஆரம்பித்தார்கள். காசிலிங்கம்தான் பாடினார். அறுபத்தொன்று முடிந்தது. கொஞ்சம் நிறுத்தினார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை, பாடினார்! முழுசாகப் பாடினார். கூட்டம் சிரித்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். எனக்கு எழுந்துபோய் மேடையைச் சாய்த்துவிடலாம் போல் இருந்தது.

அவர் இரண்டாம் தடவை பாடவில்லை. பேசினார். "அந்த வீட்டு வாசல்ல அன்னைக்கு வேப்பிலை கட்டியிருந்துது. உள்ள நாலு வயசுப் பிள்ள அம்மையில கெடந்துது. அன்னைக்கே போயும் போச்சு. நம்ம கவிராயரு பாக்காமப் போயிட்டாரு. நானும் பாக்காமப் பாடிட்டேன்."

ஒலிபெருக்கி கர் கர் என்றது. பிறகு வாத்தியார் குரல். "நண்பர் சற்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்." மீதிப் பாட்டை யாரோ ஒரு கீச்சுக்குரல் பாடி முடித்தது.

சுண்டல் கொடுக்கிற நேரம். ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது.

20-8-74

காசிலிங்கத்தை மன்றத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். நான் ஒன்றும் உருகவில்லை. இத்தனை வருஷம் பாடியது பாடியதுதான். கல்யாணத்தைப் பற்றி ஒரு தாக்கலும் இல்லை.

22-8-74, வியாழன்

சண்முகத்தாய் வந்தாள். தனியாக வந்தாள். தலையில் பூ இல்லை. வாசலில் நின்று கூப்பிடவும் இல்லை. நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறாள், வா, வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டு போ என்று இருந்தேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பொம்பளப் பிள்ளையா ஆச்சி?"

"ஆமா."

"பேரு என்ன?"

தெரியாது என்றேன். என் மாமியாருக்கே தெரியாது. சபித்தவன் பேருக்கு மன்றம் இருக்கிறது, மேடை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பேரை வைத்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது.

அவள் அழுதாள். தெருவுக்குக் கேட்கிறமாதிரி, சத்தம் போட்டு அழுதாள். "எனக்கும் மூத்தது அம்மையிலதான் போச்சு ஆச்சி. அழக்கூடாதுன்னு சொல்லிட்டாவ."

நானும்... அதை எழுத வரவில்லை.

காப்பி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

"அவ்வளவுதானா ஆச்சி?" என்றாள் வடிவு. எனக்கும் ஆத்திரம்தான். பெரிய மனுசியிடம் சொல்லிக்கொள்ளாமல் போக என்ன திமிர் இருக்க வேண்டும் என்று, அவள் முக்குத் திரும்புகிறவரை முறைத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது.

துக்கம் கேட்க வந்த வீட்டில் யார் சொல்லிக்கொண்டு போவார்கள்?

26-8-74, திங்கள்

நாளைக்குக் கூறைப்புடவை எடுக்கப் போகிறோம். நான், வடிவு, சண்முகத்தாய். காசிலிங்கமும் வருகிறேன் என்றாராம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரோடு ஒரே வண்டியில் உட்கார எனக்கு இன்னும் கொஞ்சநாள் ஆகும்.