கடைசி ஆள் முத்துவீரன்

செக்காலை,
காரைக்குடி.

டாக்டர் தம்பி மெய்யநாதனுக்கு, முத்துவீரனின் அம்மா செந்தாமரை எழுதுவது. இங்கே நாங்கள் நலம். இங்கிலாந்தில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்கக் காளையார்கோவில் சாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

முத்துவீரனுக்கு மீசை கருகருவென்று வந்துவிட்டது. மனசு மட்டும் அதே நாலு வயதுதான். வெள்ளைக் கார் எது போனாலும் நீங்கள் வருவதாகக் கை காட்டுகிறான்.

இங்கே பெரியாஸ்பத்திரியில் நீங்கள் இவனைப் பார்த்த அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. கூட்டமும் சத்தமும் இவனுக்கு ஆகாது என்று எங்களைக் கடைசி ஆளாக வைத்துக்கொள்வீர்கள். எல்லோரும் போன பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு அவனோடு தரையில் உட்காருவீர்கள். நான் கொண்டுவரும் வெள்ளைப் பணியாரத்தை அவன் உங்களுக்கு ஊட்டுவான். துவையல் காரத்தில் உங்களுக்குக் கண்ணீர் வர, கைதட்டிச் சிரிப்பான். இது வைத்தியமா விருந்தா என்று நர்ஸம்மா கேலி செய்வார்.

நீங்கள் போன பிறகு நெடுநாள் யாரும் வரவில்லை. இப்போது சௌபர்ணிகா என்று ஒரு டாக்டர் பொண்ணு மாதம் ஒரு நாள் வருகிறது. மூன்று மாவட்டத்துக்கும் மனநல டாக்டர் இது ஒன்றுதான். டோக்கன் வரிசையில் நிற்க முடியாமல் முத்துவீரன் கத்தி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டிவிட்டது. பிள்ளை எச்சில் ஒழுகப் பகலெல்லாம் தூங்கினான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் போய் நன்றாகச் சண்டை போட்டேன். உங்கள் வழக்கத்தையும் சொன்னேன். ராமநாதபுரத்தில் அத்தனை பேர் காத்திருக்காக, நான் என்னம்மா செய்ய என்று அதுவும் அழுதுவிட்டது. மத்தியானம் தாண்டியும் சாப்பிடவில்லையாம். திட்டிய வாயாலேயே சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த முறை எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டது. ராமநாதபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு அவனோடு உட்கார்ந்திருந்தது. மாத்திரை குறைந்தது. நேற்றுக் காலையில் தானாக எழுந்து வந்து காபி கேட்டான், தம்பி. அடுப்படியில் நின்று அழுதேன்.

இப்போது அந்தப் பெண்ணும் இங்கிலாந்து வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறதாம். அங்கே எப்படி என்று கேட்க உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டது. மறுக்க மனசு வரவில்லை. நீங்கள் அங்கே நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது கூப்பிட்டால், தாங்க முடியாத குளிர், வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள் தம்பி. அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செந்தாமரை