பத்து மணிக் கரண்ட்

வியாசர்பாடி, 28.9.2008

மகிழினி அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வாய் திறக்காத மனிதரோடு எட்டு வருஷம் குடித்தனம் செய்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

வேறொன்று தெரிய வேண்டும். அம்மா வீட்டில் தினமும் காலை பத்து மணிக்குக் கரண்ட் போகிறது. தையல் மிஷின் நின்றுவிடுகிறது. அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருக்கும் பதுருன்னிசா கேட்டாள்: "உன் வூட்டுக்காரு சப்ஸ்டேஷன்லதான கீறாரு? எண்ணூர்ல அவ்ளோ பெரிய பொகக்கூண்டு நின்னுகினு கீது. அங்க தயாராவுற கரண்டு நமக்கு வராம எங்க போவுதுக்கா?"

உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெட்கமாக இருந்தது. அரிசி மாதிரி அதைச் சேர்த்து வைக்க முடியாதா? எங்கள் தெருவை அணைப்பது யார்?

கார்குழலி

எண்ணூர், 4.10.2008

அன்புள்ள குழலிக்கு,

உங்கள் தெருவை அணைப்பது நான்தான்.

எண்ணூர் கரண்ட் எண்ணூருக்கு என்று தனியாக இல்லை. நெய்வேலி, மேட்டூர், காற்றாலை எல்லாம் ஒரே கம்பி வலையில் கலக்கிறது. கலந்தபின் பிரிக்க முடியாது. சேர்த்து வைக்கவும் வழியில்லை. நீ மிஷினை ஓட்டுகிற அதே நொடியில் எங்கோ ஒரு டர்பைன் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். தேவை கூடினால் எல்லா டர்பைனும் சேர்ந்து திணறும். அப்படியே விட்டால் மாநிலமே இருண்டுவிடும். அதற்குள் மேலிடத்திலிருந்து போன் வரும்: "லோடைக் குறை." பத்திருபது தெருக்களுக்குப் போகிற ஒரு லைனை அணைப்பேன்.

உன் லைனில் கை வைக்கும்போதெல்லாம் நீ மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாய் என்று நினைப்பு வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

வரதன்

வியாசர்பாடி, 10.10.2008

மகிழினி அப்பாவுக்கு,

கடிதத்தைப் பதுருன்னிசாவுக்கும் படித்துக் காட்டினேன். "இவ்ளோ பேசுவாரா இந்த மனுஷன்!" என்றாள். இன்னும் கேட்கிறேன். காற்று நின்றுவிட்டால் காற்றாலைக்குப் பதில் யார் கொடுப்பார்கள்? ராத்திரியில் எல்லாரும் விளக்கணைத்தால் டர்பைன் என்ன செய்யும்? தீபாவளித் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. எழுதுங்கள்.

கார்குழலி

எண்ணூர், 16.10.2008

அன்புள்ள குழலிக்கு,

காற்று நின்றால் அணைக்கட்டுத் தண்ணீரைத் திறந்து சமாளிப்பார்கள். ராத்திரியில் டர்பைனுக்குப் போகும் நீராவியைக் குறைத்துவிடுவார்கள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். செவ்வாயும் புதனும் உன் தெருவில் கரண்ட் போகவில்லையே, கவனித்தாயா? தீபாவளி வரைக்கும் போகாது. நீ நிம்மதியாகத் தை.

வரதன்

வியாசர்பாடி, 19.10.2008

மகிழினி அப்பாவுக்கு,

கவனித்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதும் நிஜம். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன். சேர்த்து வைக்க முடியாது என்று எழுதியது நீங்கள். அப்படியானால் எனக்கு விட்டது யாருடையது?

பதுருன்னிசா தெருவுக்கு வேறு லைன். புதன்கிழமை அதில் அன்றைக்கே இரண்டாவது தடவையாகக் கரண்ட் போனது. எப்போதும் போல ஒரு மணி நேரமாகும் என்று நம்பி, பெல்ட்டில் சிக்கிய சாக்கு நூலை எடுக்கக் கையை விட்டிருக்கிறாள். அரை மணியில் வந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. "மெயினை ஆஃப் பண்ணல, என் தப்புதான்க்கா" என்று அழுகிறாள்.

என் லைனை விட்டுவிட்டு அவள் லைனை அணைத்தீர்கள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்களா?

கார்குழலி

வியாசர்பாடி, 12.11.2008

அன்புள்ள மகிழினி அப்பாவுக்கு,

எனக்குப் பதில் வரவில்லை. அது பதுருன்னிசா வீட்டுக்குப் போயிருக்கிறது.

"குழலி லைனை வுட்டுட்டு உன் லைனை நிறுத்துனது நான்தான்மான்னு வாசல்ல நின்னுகினே சொன்னாருக்கா. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அப்பால மில்லுல பூந்து சாயங்காலம் வரிக்கும் மாவு அரைச்சுக் குடுத்தாரு" என்றாள். போன ஞாயிறும் வந்தீர்களாம். ஆபீசிலும் நடந்ததைச் சொல்லிவிட்டீர்களாம். ஸ்விட்ச் பக்கம் இனி விடமாட்டார்களாமே?

அவள் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

மில்லிலிருந்து நேராக எண்ணூர் பஸ் ஏறிப் போய்விடுகிறீர்கள். இந்த ஞாயிறு அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த தெருதானே, மாவுச் சட்டையோடே வாருங்கள். சோறு வைத்திருப்பேன்.

உங்கள்
குழலி