கரைந்துபோன துகள்கள்

எருமப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அந்த பின்லாந்துக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பத்து நாளாக உன்னோடு பேசாமல் இருந்தது என் தப்பு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடி இழைக்குள் எர்பியம் என்கிற உலோகம் கலந்த நுண்துகள்களை வைத்தால், தூரம் போய் மங்குகிற ஒளி மறுபடி வலுவாகும் என்று நீ சொன்னபோது, இருபது வருடமாக ஃபைபர் கேபிள் ஒட்டுகிற எனக்கு எவ்வளவு பெருமை. அதைப் பற்றி நீ எழுதிய கட்டுரை வெளிவந்த பிறகு ஒருநாள், "கண்ணாடியை இழையாக இழுக்கிற சூட்டில் துகள்கள் அதிலேயே கரைஞ்சுபோச்சுப்பா, நான் எழுதுனது தப்பு" என்று அழுதாய். "பேசாம இரு சாமி, படிப்பு முடியட்டும்" என்றேன். நீ கேட்காமல் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டாய். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று நீ சொன்னதும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நாமகிரிப்பேட்டை ரோட்டில் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. நான் ஒட்டியதில் ஓர் இடத்தில் ஒளி அதிகமாக வீணாவதாக மிஷின் காட்டியது. சூப்பர்வைசர் இனியன், "லைட்டு வருதுல்லங்க, மூடிருங்க" என்றார். மனசு கேட்காமல் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன். அரைமணி நேரம் கூடுதலாக ஆனது, நெட் இல்லையென்று சுற்றி நின்றவர்கள் திட்டினார்கள். சாப்பிடும்போது இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஊரே திட்டுனாலும் வெட்டி ஒட்டுனீங்க, அதையே புள்ள பண்ணுனா போனை வெக்கிறீங்களாக்கும்?" என்று கேட்டாள்.

நேற்று உன் குழந்தைவேல் மாமா வந்து, தை மாதம் தேவி வருவாளா என்று கேட்டார். முன்பென்றால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். "இன்னொரு வருசம் ஆகுமுங்க மச்சான். செஞ்சதுல ஒரு தப்பு இருந்துச்சு, ஆருக்கும் தெரியாது, அவளே போயிச் சொல்லிட்டா" என்றேன். சொல்லும்போது என் குரல் தாழவில்லை, சாமி.

வேளைக்குச் சாப்பிடு. உடைந்த இழைத் துண்டுகளைக் கையால் அள்ளாதே, கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஏறிவிடும். நீ நல்லா இருக்க வேண்டும், இருப்பாய்.

உன் அப்பா,
தனபால்