இடிக்கு ஒரு வழி

அண்ணா,

இன்று காலை செவிலிமேட்டுக் காயலான் கடையில் பழைய மின்விசிறியைப் போடப் போனேன். தராசில் ஒரு செம்புப் பட்டை சுருண்டு கிடந்தது, பச்சை பூத்து, ஆணி அடித்த ஓட்டைகளோடு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "யாரோ கொணாந்து போட்டாங்கமா" என்றார் கடைக்காரர். மின்விசிறியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரஷ்யாவில் மின்பொறியியல் படித்துவிட்டு வந்து, காஞ்சிபுரத்துக் கட்டடங்களுக்கு இடிதாங்கி மாட்டிக்கொண்டிருந்தாய் நீ. ஊரே கிண்டல் செய்தது. "அவ்ளோ தூரம் போயி இதத்தான் கத்துக்கினு வந்தியா?" என்று நானும் சோறு போடும்போதெல்லாம் கேட்பேன். நீ கோபப்படாமல் இடிதாங்கிக்கு ரஷ்யர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் காட்டுவாய். கிரமாஅத்வோத். க்ரோம் என்றால் இடி, அத்வோத் என்றால் வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போய் விடுவது.

"அடிக்கிறது மின்னலு, பேரு மட்டும் இடிக்கு. ரெண்டு பாஷையிலயும் அப்டித்தான். ஆனா அவன் அது போறதுக்கு வழி சொல்றான், நாம தாங்கச் சொல்றோம். எதும்மா தாங்கும் அத?" என்பாய்.

முசரவாக்கத்தில் நம் சர்ச் கோபுரத்துக்கு நீ போட்ட இடிதாங்கியில், மின்னலை மண்ணுக்கு இறக்கும் செம்புப் பட்டையை யாரோ தரையிலிருந்து ஆள் உயரம் வரைக்கும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உச்சியில் ஊசி நின்றது, மிச்சப் பட்டை சுவரில் பாதியில் தொங்கியது. புதுசு போட அனுமதி கேட்டு சர்ச் கமிட்டியிடம் நடையாய் நடந்தாய். திருவிழா முடியட்டும் என்றார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் உன்னை மடக்கினார். "பெரிய கோயிலு கலசத்துல வரகு கொட்டி வெச்சிக்கிறாங்க, அதான் இடியத் தாங்குதுன்றாங்க. அதுக்கு எந்தப் பட்டைபா மண்ணுல எறங்குது? நம்ம ஊசியும் தாங்கும்பா." கர்த்தரைத் தவிர வேறொன்றும் அறியாத வாயில் கலசத்து வரகு. நீ சிரித்துவிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு சர்ச்சில் ஒரு கல்யாணம். மழை பிடித்ததும், வெளியே நின்ற கூட்டம் நேராகப் போய் ஒதுங்கியது பட்டை தொங்கிய அந்தச் சுவரோரம்தான். நீ ஓடினாய். "செவுத்த வுட்டுத் தள்ளிப் போங்க, உள்ள போங்க" என்று ஒவ்வொருவரையாகப் பிடித்து உள்ளே தள்ளினாய். கடைசி ஆளை அனுப்பிவிட்டு நீ திரும்பியபோது பட்டையின் அறுந்த முனை உன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. மின்னல் கோபுரத்தில் இறங்கியது.

"நமக்கு வரவேண்டியத அவரு தாங்கிக்கினாரு" என்றார்கள் அடக்கத்தில். உன் கல்லறையில் பொறிக்க அதையே எழுதிக்கொண்டு வந்தது கமிட்டி. நான் வாங்கிக் கிழித்துப் போட்டேன். நீ எதையும் தாங்கவில்லை, அண்ணா. மண்ணுக்குப் போக வேண்டியதற்கு வழி விடவில்லை அவர்கள். அது உன் வழியாகப் போனது. கல்லில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது புதுப் பட்டை போட்டுவிட்டார்கள். வானம் இருட்டினால் நான் போய் அது மண்ணில் இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தப் பெரியவர் எனக்காக வாசலிலேயே காத்திருக்கிறார். "ஸ்தோத்திரம்மா" என்கிறார். நான் பட்டை இறங்கும் சுவர்ப் பக்கமாகச் சுற்றி வெளியே போய்விடுகிறேன்.