மேஸ்திரியின் சாய்வு நாற்காலி

நேற்று வண்ணாரப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றைக் கடந்து போனேன். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. இன்னும் காயாத படம் ஒன்றை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு கனவான், கை நீண்ட சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் முக்காலி, அதன் மேல் பூச்சாடி. நான் நின்றதைப் பார்த்த கடைக்காரர், "இன்னா சார், படம் சோக்கா கீதா?" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. எதிரே ஒரு சோடா வாங்கிக் குடித்த பிறகுதான் நடக்க முடிந்தது.

உன் நினைவு எனக்கு இப்படித்தான் வருகிறது. நீ போய்ச் சில வருஷங்கள் ஆகியும் குமட்டலோடுதான் வருகிறது. நீ இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாய்.

ராயபுரத்தில் நாடகக்காரர்களுக்குத் திரைச்சீலையில் படம் எழுதியவன் நீ. கடைகளுக்குப் பெயர்ப்பலகையும், போட்டோ பிடிப்பவருக்குத் தூணும் தோட்டமுமாகப் பின்திரையும் எழுதினாய். அந்தப் போட்டோக்காரரிடம் ஒரே ஒரு கைநாற்காலி இருந்தது. கலியாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். நாடகக்காரர்கள் அதை வாங்கிப்போய்ச் சரிகைக் காகிதம் ஒட்டினால் அன்றைக்கு அது சிங்காதனம். மறுநாள் காகிதத்தைக் கிழித்துவிட்டு அதிலேயே ஒரு வக்கீல் குமாஸ்தாவை உட்கார வைத்துப் படம் பிடிப்பார்கள். குமாஸ்தாவும் ராஜா மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வார். "நாற்காலி மூஞ்சிய மாத்திடுது பாரு வாத்யாரே" என்று சிரிப்பாய்.

நான் வாத்தியார் அல்லவா, எனக்கு உதாரணம் வேண்டும். என் பள்ளிப் பையன்களின் ஆங்கில வாசகப் புத்தகத்தில் ஒரு தாத்தா நெருப்பருகே கைநாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்வார். மதராஸ் வெயிலில் நெருப்பருகே ஏன் உட்கார்ந்தார் என்று பையன்கள் கேட்பார்கள். புதிதாக வந்துகொண்டிருந்த தமிழ் நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படிப்பார். கடைசி அத்தியாயம் வரை அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லமாட்டார்கள். இதையெல்லாம் உன்னிடம் அடுக்கியபோது நீ தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "வேல செய்றவன எவன் படம் எய்தறான்? குந்திகினு கீறவனத்தான் எய்தறான்."

யுத்தம் முடிந்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து அந்த வாசகசாலையைத் தொடங்கினோம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் ஆட்கள், சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, நான் பத்திரிகை படிக்கக் கேட்பதற்கு ஓர் அறை. அதற்கு இடம் கொடுத்தவர் அவர்களை வேலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரி. அவருடைய கிடங்கை ஒட்டிய அறை அது. மேஸ்திரியின் முற்றத்தில் அந்த ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் தம் சாய்வு நாற்காலியில் கிடந்து, அதன் நீண்ட கைகளின் மேல் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டிருப்பார். வேலை கேட்க வந்தவன் அவருடைய உள்ளங்கால்களைப் பார்த்துத்தான் பேசவேண்டும். நம் அறையில் மட்டும் அவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் நாம் அவ்வளவு பாடுபட்டோம்.

ஒருநாள் மேஸ்திரி உன்னைக் கூப்பிட்டனுப்பினார். "இன்னாப்பா பெயிண்டரு, எடம் குட்தவன் படம் செவுத்துல இல்ல. நாற்காலில குந்திகினு கீறாப்ல ஒண்ணு எய்து. இல்லாங்காட்டி சாவிய குட்த்துடு."

மறுத்தால் அறை போய்விடும். நீ சம்மதித்தாய். ஒரு மாதம் யாரையும் உன் வீட்டுக்குள் விடவில்லை. பிறகு திரையை விலக்கி என்னிடம் காட்டினாய். வேலை கேட்க வந்தவன் நிற்கும் இடத்திலிருந்து எழுதியிருந்தாய். படத்தில் பாதிக்குமேல் இரண்டு உள்ளங்கால்கள். வெடிப்பு, வெடிப்பில் கரி, கட்டைவிரல் நகத்தில் அழுக்கு. இரண்டுக்கும் நடுவே, வெகு தூரத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முகம்.

"கலீஜா கீதா வாத்யாரே?"

"சகிக்கவில்லை" என்றேன்.

"அதான் வோணும். பாக்கறவன் சிரிக்கணும். ஒருவாட்டி சிரிச்சிட்டான்னு வெச்சிக்கோ, அப்பால அந்தக் காலாண்ட நிக்க மாட்டான்."

படம் மாட்டிய அன்று அறை நிறைய ஆட்கள். மேஸ்திரி முன்னால் நின்று பார்த்தார். அவர் நெற்றி சுருங்கிற்று. யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்தின் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்தவன் தொட்டான். அதற்கடுத்தவன் குனிந்து நெற்றியையே வைத்துவிட்டான். மேஸ்திரியின் நெற்றி விரிந்தது. "பலே! சாமி பாதமாட்டம் எய்திகினு வந்துகிறியே!" என்று உன் முதுகில் தட்டினார். உன் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பாதத்தைத் தொட்டுவிட்டுத்தான் வந்தார்கள். சந்தனம் வைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். வியர்வையும் எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து அந்தக் கால்களின் மேல் ஒரு பிசுக்கு படிந்தது; அதில் ஈ உட்கார்ந்தது. இத்தனை விரல்கள் ஒரு மனிதனின் அழுக்கைத் தடவித் தடவிக் கண்ணில் வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. அதோடு, படத்தின் எதிரில் கால் நீட்டுவது மரியாதை இல்லை என்று எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள். நாம் எதற்காக அறை எடுத்தோமோ அது போயிற்று.

நம் ஆட்களில் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் எல்லப்பன். நீ அவனைப் பிடித்து உலுக்கினாய். "டேய், அது சாமி இல்லடா. கரி மேல நடந்த காலுடா!"

"தெரியும் நைனா," என்றான் அவன். "மூஞ்சப் பாத்தா பேஜாரா கீது. காலுன்னா தொட்டுட்டு கம்முனு உள்ள பூந்துக்கலாம்."

நீ படத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாய். திரும்பக் கொண்டுவந்து மாட்டியபோது காலும் இல்லை, முகமும் இல்லை. இரண்டையும் வண்ணத்தால் மூடியிருந்தாய். பிரம்பு பின்னிய வெறும் சாய்வு நாற்காலி மட்டும் கையை நீட்டிக்கொண்டு கிடந்தது. இனி எதைத் தொடுவார்கள் என்றாய். அன்று சாயங்காலம் வந்தவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு நாற்காலியின் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மேஸ்திரிக்குத் தகவல் போயிற்று. சண்டைக்கு வருவார் என்று வாசலில் நின்றோம். வந்தார், பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "நா இல்லாங்காட்டியும் கும்புடறானுங்கோ! இனிமே நா எதுக்கு வரணும்? நாற்காலியே போதும்."

நீ வாசலிலேயே காறித் துப்பினாய். அதன் பிறகு அந்த அறைக்குள் நுழையவில்லை. நான் மட்டும் போய்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "இன்னும் தொட்றானுங்களா?" என்றாய். "தொடுகிறார்கள்" என்றேன். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "படத்துல கீற நாற்காலில எவனும் குந்த முடியாது வாத்யாரே. கும்புடத்தான் முடியும். நெச நாற்காலியா இருந்தா என்னிக்காவது ஒருத்தன் குந்திப் பாத்திருப்பான்."

உன்னை அடக்கம் செய்த மறுநாள் எல்லப்பன் என் வீட்டுக்கு வந்தான். துக்கம் கேட்க வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். நீ சொன்னது காதில் இருந்தது. என் நாற்காலியை இழுத்து அவன் முன்னால் போட்டேன். வெறும் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கைநாற்காலி, ஒரு கால் கொஞ்சம் ஆடும். "உட்கார் எல்லப்பா" என்றேன்.

அவன் நாற்காலியின் கையைத் தொட்டான். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் பதறி எழுந்துவிட்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் குரலில் உண்மையான பயம் இருந்தது.

"நீ கீய குந்திகினா நா எங்க வாத்யாரே குந்துவேன்?"

முப்பது பையன்களை எதிரில் வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் ஓர் உதாரணம் சொல்லி விளக்கியவன் நான். அன்று நானும் எழுந்து அவனோடு நின்றேன். அவன் நின்றுகொண்டே உனக்காக அழுதுவிட்டு, நின்றுகொண்டே விடை பெற்றுப் போனான். அவன் கேட்டது என்னிடம் அப்படியே இருக்கிறது. நீ இருந்திருந்தால் அதைப் படமாக எழுதியிருப்பாயோ என்னவோ. எனக்குப் படம் எழுத வராது, பதிலும் வரவில்லை. வயிற்றைப் புரட்டுவது மட்டும் வருகிறது. பழகிப்போய் அது நின்றுவிடக் கூடாது என்றுதான் இருக்கிறேன்.