கஸ்தூரி கை தூக்குவதை நிறுத்திய விதம்

18.1.82, திங்கள்
கடும் பனி. பெரணமல்லூரில் முதல் பஸ், ஆரணி வரை நின்றுகொண்டே பயணம். கற்பித்தல் பயிற்சி இன்று தொடக்கம், ஐந்து வாரம். எனக்கு ஆறாம் வகுப்பு 'ஆ', கணக்கு. நாற்பத்துமூன்று பிள்ளைகள். நாற்காலி ஒன்றுதான், அதுவும் ஆடுகிறது.

வாங்க வேண்டியவை: கலர் சாக்பீஸ், சார்ட் அட்டை 4, குண்டூசி, தலைவலி மாத்திரை.

பள்ளியைச் சுற்றி எல்லாத் தெருவிலும் தறிச் சத்தம். பிள்ளைகள் காதில் அது விழுவதாகவே தெரியவில்லை. எனக்குத்தான் மண்டை இடி.

பி.எட்.டில் முதல் வகுப்பு வாங்கியாக வேண்டும். எனக்காக அண்ணன் பத்தாவதோடு நின்று கூலிக்குப் போனான். அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

20.1.82, புதன்
வகுத்தல். மூன்றாவது பெஞ்ச் கஸ்தூரி. பதினோரு வயது, சொன்னதைக் கேட்கிற பெண். ஆனால் ஒரு தொல்லை. கணக்கில் எங்காவது தடுக்கினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்குகிறாள். கூப்பிடுவதில்லை, பக்கத்துப் பெண்ணைக் கேட்பதில்லை. நான் போய் நிற்கும்வரை அப்படியே சிலை. போய்க் காட்டினால் மீண்டும் எழுதுவாள். அடுத்த தடுக்கலில் மறுபடியும் சிலை. இன்று ஒன்பது முறை. பாடத்தில் பாதிதான் முடிந்தது.

"எழுதிக்கினே இரு, அப்புறமா வரேன்" என்று ஆரணிக்காரி மாதிரியே சொல்லிப் பார்த்தேன். எழுதவில்லை.

22.1.82, வெள்ளி
எங்கள் கல்லூரி உளவியல் விரிவுரையாளர் அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைப் பார்த்தார். அவர் சொன்னது அப்படியே:

"அந்தப் பொண்ணு உங்களை வேலை வாங்குதும்மா. அது கை தூக்குது, நீங்க ஓடிப் போய் நிக்கிறீங்க. அதுதான் வலுவூட்டல். இனிமே கண்டுக்காதீங்க. பலன் கிடைக்கலேன்னா பழக்கம் தானா மறையும். நிக்காம எழுதினா மட்டும் பரிசு குடுங்க. தனியாள் ஆய்வுக்கு இந்தப் பொண்ணையே எடுத்துக்கோங்க."

தனியாள் ஆய்வுக்கு ஆள் தேடி அலையாமல் கிடைத்தது. உடன் பயிலும் சரோஜாவுக்குப் பொறாமை. அவளுக்குக் கிடைத்தது நகம் கடிக்கும் பையன்.

சார்ட் அட்டையில் மஞ்சள் நட்சத்திரம் இருபது வெட்டினேன்.

25.1.82, திங்கள்
கை 9 முறை. போகவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முதுகில் அவள் பார்வை இருப்பது மாதிரி இருந்தது. வெறும் நினைப்புதான்.

28.1.82, வியாழன்
கை 13. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தூக்குகிறாள். ஒருமுறை எழுந்து நின்று, "டீச்சர், இங்க நின்னுபோச்சு டீச்சர்" என்றாள். பதில் சொல்லவில்லை. வகுப்பே சிரித்தது.

மறைவதற்கு முன் பழக்கம் ஒருமுறை கூடும் என்று நோட்ஸில் இருக்கிறது. அப்படியே நடக்கிறது. புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடந்தால் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன்.

மதியம் லெமன் சாதம் ஊசிப்போச்சு. பட்டினி.

2.2.82, செவ்வாய்
கை 4.

4.2.82, வியாழன்
கை 1. பாதி தூக்கி, அவளே இறக்கிக்கொண்டாள்.

5.2.82, வெள்ளி
கை 0.

ஏழு கணக்கு கொடுத்தேன். கஸ்தூரி நிற்காமல் ஏழையும் போட்டாள். ஏழும் தப்பு. தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். ஆனால் ஒருமுறைகூட நிற்கவில்லை. நட்சத்திரம் கொடுத்தேன். வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். அவள் நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

விரிவுரையாளர் அம்மா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றார். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. நல்ல நாள்.

12.2.82, வெள்ளி
கஸ்தூரி நாலு நாளாக வரவில்லை. பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"அவங்க அப்பா அடிச்சிட்டாரு டீச்சர். கை வீங்கிகினு கீது."

"ஏன்?"

"தறியில தப்பு பண்ணிட்டாளாம்."

13.2.82, சனி
கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கத் தறி ஓடுகிறது. அந்த வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. தறியில் பாவு நூல் இல்லை, வெறும் மரம்.

அவள் அப்பா எழுந்து நின்று, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று பாயைத் தட்டிப் போட்டார். அவரே சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை.

"பொடவைக் கரைப் பக்கம் நாடா, அதான் இந்த நூல் ஓடற மரக்கட்டை, தள்றது அவதாங்க. இந்தத் தெருவுல கூப்பிட்டா காதுல விழாது. அதனால சின்னதுல இருந்தே பழக்கி வெச்சிருக்கேன். இழை அறுந்தா நாடாவ வெச்சிட்டுக் கையத் தூக்கு, நான் வந்து முடி போடற வரைக்கும் அசையாதன்னு. நாலு வருசமா ஒரு தப்பு கிடையாது. இப்ப இன்னா ஆச்சுன்னே தெரில. அறுந்தத பாத்துகினே ஓட்டிகினு போயிருக்கா. ரெண்டு முழம் போனப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. முகூர்த்தப் பொடவை டீச்சர். பாவு குடுத்தவரு வந்து பாத்தாரு. மிச்சத்தையும் சுருட்டிகினு போயிட்டாரு."

வெறும் தறிமரத்தில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "ஆத்திரத்துல நாடாவாலயே அடிச்சிட்டேன்" என்றார்.

கஸ்தூரி உள்ளிருந்து தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வலது கையில் இரண்டு விரலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"நிக்காம போனாத்தான நட்சத்திரம் குடுத்தீங்க டீச்சர்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

அவள் அப்பாவிடம் சொன்னேன். "தப்பு என்மேலதாங்க. வகுப்புல கை தூக்குனா நான் போகல. வேணும்னேதான் போகல."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தும் மரியாதைக்காக விட்டாரோ என்னவோ. "நீங்க படிச்சவங்க. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க" என்றார். திட்டியிருக்கலாம். சோடா வாங்கிவரப் போனார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. குடித்தேன்.

திங்கள் முதல் கஸ்தூரியின் அம்மா களம்பூர் ரைஸ்மில்லுக்குப் போகிறாள். கஸ்தூரி வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். படிப்பு இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

14.2.82, ஞாயிறு
எங்கும் போகவில்லை. உளவியல் நோட்டு, பக்கம் 61: பயிற்சி மாற்றம். ஒரு சூழலில் கற்றது வேறொரு சூழலிலும் செயல்படுவது. போன வாரம்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்று சரோஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத இடத்தில் நிற்க வேண்டும், தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும், அதுவரை கெடுக்கக் கூடாது. இதைவிட நல்ல மாணவி எனக்கு எங்கே கிடைப்பாள்? எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணன் கேட்டான், "இன்னா பேஜார் உனக்கு?" தலைவலி என்றேன்.

16.2.82, செவ்வாய்
தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன், கஸ்தூரி வீட்டில் வந்து பேசச் சொல்லி. "இந்த ஊர்ல இது தினம் நடக்கறதும்மா. நீங்க வெள்ளிக்கிழமையோட போயிடுவீங்க" என்றார். பொய் இல்லை.

இருந்தும் சாயந்திரம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பூட்டு. தம்பியோடு எங்கே போனாளோ. அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

18.2.82, வியாழன்
ஆய்வேட்டில் கடைசியாக இரண்டு பக்கம் சேர்த்து எழுதினேன். தறி, கை தூக்கும் பழக்கம், நட்சத்திரம், விரல், எல்லாம். "தவறு ஆய்வாளருடையது" என்று முடித்தேன். எழுதி முடித்ததும் பசித்தது. நாலு நாளுக்குப் பிறகு.

19.2.82, வெள்ளி
பயிற்சி கடைசி நாள். விரிவுரையாளர் அம்மா ஆய்வேட்டைப் படித்தார். கடைசி இரண்டு பக்கத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது வகுப்புக்கு வெளிய நடந்தது, ஆய்வுல வராதும்மா. வெளித்தேர்வாளர் பாத்தார்னா உங்க மார்க்தான் போகும். எடுத்துட்டுக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சரோஜா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர், எல்லோர் கையிலும் ஆய்வேடு.

வராந்தாவில் சரோஜாவிடம் பிளேடு வாங்கி இரண்டு பக்கத்தையும் எடுத்தேன். உள்ளே போய் நீட்டினேன். கையெழுத்து. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார்.

நன்றி அம்மா என்றேன்.