போர்வை முழுக்க ஒரே கை

நவம்பர் 9, ஞாயிறு

குளிர் வந்துவிட்டது. காலையில் குழாயைத் திறந்ததும் விரல் மரத்துப்போனது. அலமாரி மேல்தட்டிலிருந்து கம்பளித் துணிகளை இறக்கினேன். அடியில் ஒரு துணிப்பை. உள்ளே பாதி பின்னிய போர்வை, சாம்பல் கலந்த நீலம், அதே நிறத்தில் நூல் உருண்டைகள். குரோஷா ஊசி கடைசி முடிச்சில் செருகியபடியே இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள் என்று எழுந்து போனமாதிரி.

இவரிடம் காட்டினேன். "சிட்டுக்காகப் போட்டுட்டிருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக்கூட..." அதோடு நிறுத்திக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். பேச்சும் அடிக்கடி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும்.

இவருடைய முதல் மனைவியை நான் பார்த்ததில்லை. மனதுக்குள் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவள் பெண் சிட்டு, எட்டு வயது, என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏப்ரலில் இந்த வீட்டுக்கு வந்தேன். இன்றுவரை "பென்சில் தீந்துபோச்சு" என்று சுவரிடம்தான் சொல்கிறாள். சித்தி என்றுகூட வாயில் வரவில்லை.

இந்தப் போர்வையை நான் முடித்துக் கொடுத்தால் ஒரு நாள் அம்மா என்பாளா? எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை. ஆசைதான், யாருக்கு என்ன நஷ்டம்.

நவம்பர் 15, சனி

நூல் கடைக்காரம்மாவிடம் போர்வையை எடுத்துப்போய்க் கற்றுக்கொண்டேன். அவர் அதை விளக்கடியில் பிடித்துத் தடவிப் பார்த்தார். "இது இடது கைக்காரங்க போட்டது. முடிச்சு சாயற பக்கம் பாருங்க. கையும் ரொம்ப இறுக்கம்."

நான் வலது கை. இறுக்கமும் கிடையாது, முதல் வரிசை தொளதொளவென்று வந்தது.

"பரவால்ல, போடுங்க. கை மாறின இடம் தெரியும், அவ்வளவுதான்."

தெரியட்டுமே. நான் இருக்கிறேன் என்று எங்காவது தெரியவேண்டாமா.

நவம்பர் 24, திங்கள்

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று அம்மா சொல்லுவாள். இப்போது வந்து பார்க்கவேண்டும் அவள். வேலை முடிந்து வந்ததும் ஹீட்டரைப் போட்டு, ஜன்னலோரத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தால் உலகமே மறந்துவிடுகிறது. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகு அளவு திருகுகளோடு மல்லுக்கட்டிய விரல்களுக்கு இந்த நூல் வெதுவெதுப்பாக இருக்கிறது. இழு, நுழை, இழு. மடியில் போர்வை வளர வளரக் காலும் சூடாகிறது. இதற்காகவே குளிர் நீளட்டும் என்று தோன்றுகிறது.

நவம்பர் 28, வெள்ளி

நேற்று விட்ட இடம் இது இல்லையே? குறைந்தமாதிரி இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

குறைகிறதுதான். நேற்று போட்ட வரிசைகளைக் காணோம். நூல் உருண்டை மட்டும் பெருத்திருக்கிறது. இவரைக் கேட்டால், "எனக்கு அந்த ஊசிய எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியாது" என்கிறார். மதியம் பள்ளி விட்டதும் கீழ்வீட்டம்மாவிடம் சாவி வாங்கி வீட்டுக்கு வருவது சிட்டு ஒருத்திதான். கேட்கலாம். கேட்டு, சுவரிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டால்?

டிசம்பர் 7, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போர்வையோடு உட்கார்ந்தவள் அப்படியே கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வடிந்திருந்தது. சிட்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு! எட்டு மாதத்தில் என்னை அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை. மூச்சு விடக்கூட பயமாக இருந்தது எனக்கு.

நான் அசைந்ததும் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். உடனே எழுந்து போய்விட்டாள்.

போர்வை வளர்ந்திருந்தது. சந்தோஷத்தில் அதை அப்போது கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. எத்தனை அழகாக, இறுக்கமாக இருக்கிறது அந்தப் பகுதி.

டிசம்பர் 12, வெள்ளி

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஃப்ரேமுக்குத் திருகு மாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி சும்மா வேடிக்கை பார்த்தவர், "எப்போலேர்ந்து இடது கையால பண்றீங்க? நல்லா வருதே" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. திருப்புளி தவறி எங்கோ உருண்டுவிட்டது.

டிசம்பர் 20, சனி

நூல் பற்றாது. அதே நிறம் கிடைக்குமா என்று போர்வையோடு கடைக்குப் போனேன். நூல் கடைக்காரம்மா மேசைமேல் விரித்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கையால் நீவிக்கொண்டே போனார். திரும்ப வந்தார்.

"நீங்க போட்டது எங்க?"

மேல்பக்கத்தைக் காட்டினேன்.

"இல்லைங்க. இது முழுக்க ஒரே கை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கு எப்படி வந்தேனென்றே தெரியவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கேட்டுவிட்டேன். இன்று பின்ன உட்காரவில்லை, போர்வையைக் கட்டில்மேல் விரித்து வைத்து அவளைக் கூப்பிட்டேன்.

"தினமும் பிரிச்சது நீயா சிட்டு?"

தலையாட்டினாள். அழவில்லை, பயப்படவுமில்லை. "நீங்க போட்டத மட்டுந்தான் பிரிச்சேன். அம்மா போட்டதத் தொடவே இல்ல."

"அது அம்மா முன்னாடி போட்டதும்மா..."

"இல்ல. இதுவரைக்குந்தான் முன்னாடி." பாதியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். பிறகு அதற்கு மேலே தடவிக்காட்டினாள். "இது அந்த ஞாயித்துக்கிழம. இது போன ஞாயித்துக்கிழம."

எங்கே உட்கார்ந்து போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே என் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

டிசம்பர் 22, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நேத்து இல்ல, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம நீ பின்னிட்டிருக்கும்போது ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீ திரும்பல. உதட்டக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. அது... அவ பழக்கம். நான் செருப்ப மாட்டிட்டு வெளிய போயிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடக் கடவுளே, நான் ஒரு பொழுதுபோக்குக்குத்தானே ஆரம்பித்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

கை சரியாகிவிட்டது. திருகு, கரண்டி, பேனா எல்லாம் வலது கையில்தான். மதியம் தூங்கினேன், எழுந்தேன், அவ்வளவுதான். நான் நானாக இருக்கிறேன். இதில் இத்தனை சுகம் இருக்கும் என்று முன்னால் தெரியாது.

ஆனால் பிள்ளை கரைகிறாள். தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. இப்போது சுவரிடமும் பேசுவதில்லை. இன்று அப்பாவிடம் "அம்மா எங்க?" என்று கேட்டாள். அந்த மனுஷன் அடுப்படியில் நின்ற என்னைக் கை காட்டினார். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. செத்துப்போனவள்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 13, செவ்வாய்

இரும்பு அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தரை சில்லென்று இருக்கிறது, எழுந்திரு என்றால் கேட்பதில்லை. பாய் விரித்தேன். பாயைத் தள்ளிவிட்டாள்.

ஜனவரி 17, சனி

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வெளியே பனிமூட்டம், எதிர்வீடுகூடத் தெரியவில்லை. மதியம் ஹீட்டரைப் போட்டேன். போர்வையை எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இவர் வாசலில் நின்று பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், வழக்கம்போல நடுவில் நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கியது.

ஊசியை வலது கையில் பிடித்து, பார்த்துப் பார்த்து ஆரம்பித்தேன். இன்று நான் கண்ணசரவில்லை. சத்தியமாக இல்லை. ஹீட்டரின் முனகல், கீழ்வீட்டுப் பாத்திரச் சத்தம், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சிட்டு வந்தாள். காலடியில் உட்கார்ந்து போர்வையின் நுனியை இழுத்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டாள். என் முழங்காலில் கன்னத்தை வைத்தாள். தலை நன்றாகக் கனத்தது.

"அம்மா."

"என்னம்மா?" என்றேன். குரல் என்னுடையதுதான்.

"இன்னும் கொஞ்சம் போடு."

போடுங்க இல்லை. போடு. இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை மாதம் ஏங்கினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஊசி இடது கையில் இருந்தது.

வலது கை மடியில் சும்மாதான் கிடந்தது. மாற்றியிருக்கலாம். அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

நான் கையை மாற்றவில்லை.